நூல் கோக்காத மெசின்

தையல் மெசின் சத்தம் கேட்டால் அங்கே தையல் நடக்கிறது என்று நினைப்பது உலக வழக்கம். சின்னத் தெருவான எங்கள் ஒழுங்கையும் அப்படித்தான் நினைத்தது. பக்கத்து வளவில் இருந்த மெசினக்கா சில நாட்களில் காலையில் மிதிக்கத் தொடங்கினால் மத்தியானம் வரை விடமாட்டார். "கை ஓயாத மனிசி" என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் சொல்வார்கள். ஆனால் அந்த நாட்களில் தைக்கக் கொடுத்த ஒரு சட்டையும் தைத்து வராது. இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பொருத்திப் பார்த்தவள் நான். பார்த்துவிட்டு அதற்குப் பிழையான அர்த்தம் கற்பித்தவளும் நான்தான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. நல்ல பெயர். அதை எழுதப் போவதில்லை. தன் நோவைக்கூட ஊர் காதில் விழாமல் வைத்திருந்த மனுசியின் பெயரை நான் ஊருக்குச் சொல்வது நியாயமில்லை. எண்பத்தாறாம் ஆண்டு, கொடிகாமம் சந்தையில் மரக்கறி வியாபாரம் செய்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணையைக் கலியாணம் முடித்து எங்கள் ஒழுங்கைக்கு வந்தார். சீதனத்தோடு வந்த கால்மெசினை மாட்டுவண்டியிலிருந்து இறக்கிய அன்றே மெசினக்கா என்ற பெயரும் இறங்கிவிட்டது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவருக்கு என்னைவிட மூன்று நான்கு வயது கூட இருக்கும். நான் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தேன், அதனால் எல்லோருக்கும் நான் ரீச்சர். எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். இரண்டு வளவுக்கும் நடுவே கிடுகு வேலி, வேலியில் ஆள் குனிந்து போய்வர ஒரு பொட்டு.

ஒரு சனிக்கிழமை சட்டைத் துணியோடு அந்தப் பொட்டுக்குள்ளால் நுழைந்து போனேன். மெசின் பேய் பிடித்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மெசினக்கா அதன் தலையில் நெற்றியை முட்டுக்கொடுத்துக் குனிந்திருந்தார். சீலைத் தலைப்பு வாய்க்குள் இருந்தது. கால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தது. ஊசிக்குக் கீழே ஒரு பழந்துணி. அதில் வரிவரியாக ஓட்டைகள், ஓர் இழை நூல் இல்லை. நூல்கட்டை செருகுகிற கம்பி வெறுமையாக நின்றது. என்னைக் கண்டதும் சீலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"எண்ணெய் விட்டனான் ரீச்சர். அதுதான் சும்மா ஓட்டிப் பாக்கிறன்."

நம்பினேன். அடுத்த மாதமும் இப்படியே கண்டேன், அதற்கடுத்த மாதமும் கண்டேன். மாதம் தவறாமல் எண்ணெய் குடிக்கிற மெசின் உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கலாம். எனக்கு உறைத்தது வேறு. மனுசி வேலைக்குக் கள்ளம் அடிக்கிறார், உழைக்கிற மாதிரி ஊரை ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டினேன். அம்மாவிடமும் போய்ச் சொன்னேன்.

அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு கணக்கு இருந்தது. எங்கள் வீடுகளில் மாதத்தில் மூன்று நாள் துடக்கு. குசினிக்குள் போகக்கூடாது, கிணற்றைத் தொடக்கூடாது, விளக்கடிப் பக்கம் தலைகாட்டக்கூடாது. மூன்றாம் நாள் முழுகினால்தான் விடுதலை. மற்றப் பெண்களுக்கு அது ஒதுக்கி வைக்கிற காலம். மெசினக்கா அந்த மூன்று நாளும் பாயை விட்டு எழும்பமாட்டார், அல்லது மெசினை விட்டு எழும்பமாட்டார். புருசன்தான் சந்தையால் வந்து உலை வைப்பார், சாராயப் போத்தலில் சுடுதண்ணீர் வார்த்துத் துணி சுற்றிக் கொடுப்பார். "பெஞ்சாதிக்கு உலை வைக்கிறவன்" என்று அந்த அண்ணையை ஒழுங்கை நக்கல் அடிக்கும். அவர் தன்பாட்டில் அரிசி களைவார்.

"துடக்கு எண்டால் உவவுக்குத் திருவிழா" என்பார் அம்மா. "நாங்களும் பொம்பிளையள்தானே. எல்லாருக்கும் உள்ளதுதானே உது. கவிண்டு கிடந்தால் குடும்பம் என்னெண்டு நடக்கும்?"

கேட்டால் மெசினக்கா ஒரே மறுமொழிதான் சொல்வார். "ஒண்டுமில்லை, உடம்பு பஞ்சியாக் கிடக்கு." பஞ்சி என்றால் எங்களூரில் சோம்பல். தன்னைச் சோம்பேறி என்று தானே சொல்கிறவரைச் சனம் ஏன் மறுத்துப் பேசப் போகிறது? அப்படியே ஏற்றுக்கொண்டது.

பெண்ணின் நோ பெண்ணுக்குத்தான் தெரியும் என்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் என் நோதான். அது ஒரு நோவே இல்லை. வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய் ஐந்து பாடம் எடுப்பேன். ஆணாகப் பிறந்திருந்தால் 'எனக்குத் தெரியாது' என்று விட்டிருப்பேனோ என்னவோ. பெண் என்பதாலேயே எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம். என் உடம்பை முழக்கோலாக வைத்து அவர் உடம்பை அளந்தேன்.

இப்போது யோசித்தால் அவர் வாழ்க்கை முழுவதும் சத்தம் தேடி அலைந்த வாழ்க்கை என்று தெரிகிறது. தகரக் கொட்டிலில் மழை கொட்டினால் அதற்குள் போய் இருப்பார். அரிசி மில்லுக்கு மா அரைக்கப் போனால் "நீங்கள் முதல் போங்கோ" என்று வருகிற எல்லோரையும் முன்னே விட்டுவிட்டு மெசின் இரைச்சலுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து நிற்பார். எவ்வளவு நல்ல மனம் என்று சனம் சொல்லும். நல்ல மனம் இல்லாமல் இல்லை, இருந்தது. ஆனால் அங்கே நின்றது முனகுவதற்காக. கோயில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டினால் மற்றவர்கள் காதைப் பொத்துவார்கள், அவர் முகம் ஆறுதலாகும்.

ஒலிபெருக்கி என்றதும் சந்நிதி ஞாபகம் வருகிறது. கலியாணமாகி மூன்று வருடமாகியும் பிள்ளை இல்லை. தொண்டைமானாற்றுச் சந்நிதி முருகனுக்கு அடியழிக்கச் சொல்லி அம்மாதான் நேர்த்தி வைப்பித்தார். அடிக்கு அடி நிலத்தில் விழுந்து கும்பிட்டு வீதியைச் சுற்றி வருவதுதான் அடியழிப்பு. இந்திய ஆமி நின்ற காலம். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி ஒருவழியாகத் திருவிழாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆவணி வெயிலில் மணல் கொதித்தது. மேளமும் அரோகராவும் காதைப் பிளந்தன. பின்வீதியில் ஓரிடத்தில் விழுந்தவர் எழும்பவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் புரண்டு அலறினார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் குரல் எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் கேட்டேன்.

"உரு வந்திட்டுது! முருகா, உரு வந்திட்டுது!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி திருநீறு அள்ளிப் பூசினாள். ஒருத்தி காலில் விழுந்தாள். தலை நரைத்த ஒரு அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ரை பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள். உயிரோடை இருக்கிறானோ, சொல்லு தாயே" என்று கேட்டார். மெசினக்கா அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார். பல்லைக் கடித்தபடி, "இருக்கிறான்" என்றார். அந்த அம்மா ஓவென்று அழுதார்.

மற்றவர்கள் சாமி என்றார்கள். நான் படித்தவள் அல்லவா, நடிப்பு என்றேன். நோ என்று ஒருவரும் சொல்லவில்லை.

தொண்ணூறில் குண்டு போடுகிற விமானம், பொம்பர், வரத் தொடங்கியது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக நடு வேலியைப் பிரித்துப் பதுங்க ஒரு குழி, பங்கர், வெட்டினோம். பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை வைத்தோம். சாக்கு கிடைக்காத காலம், பழைய சீலைகளில்தான் மூட்டை தைத்தோம். ஒழுங்கை முழுவதற்கும் தைத்துக் கொடுத்தவர் மெசினக்கா. அந்தத் தையலுக்கு உண்மையாகவே நூல் இருந்தது. வாசலில் என் கனகாம்பர நிறச் சீலை ஒரு மூட்டையாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அவருடைய கூறைச் சீலைக்கு அடுத்த நல்ல சீலை.

பொம்பர் சத்தம் கேட்டதும் எல்லோரும் பங்கருக்குள் பாய்வோம். உள்ளே அழாத ஆள் இல்லை. ஆனால் மெசினக்கா அழுகிற மாதிரி ஒருவரும் அழுததில்லை. முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, "ஐயோ அம்மா, ஐயோ அம்மா" என்று அடிவயிற்றிலிருந்து கதறுவார். சின்னப் பிள்ளைகள் தங்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பார்கள். "இவ்வளவு பயந்தாங்கொள்ளியை நான் கண்டதில்லை" என்பார் அம்மா. மெசினக்கா என்ற பெயர் போய்ப் பொம்பரக்கா என்று பிள்ளைகள் கூப்பிடத் தொடங்கினார்கள்.

இதில் ஒரு விசித்திரம் இருந்தது. வேறு சில நாட்களில் அதே பொம்பர் வரும், அதே மனுசி அசையமாட்டார். ஒருநாள் சந்தைப் பக்கம் குண்டு விழுந்து எங்கள் ஓடுகள் பறந்தன. அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். நானே பங்கர் வாசலில் விறைத்துப்போய் நின்றேன். மெசினக்காதான் ஓடிப்போய் அம்மாவைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்தார். வரும் வழியில் கொடியில் கிடந்த துவாயையும் எடுத்துக்கொண்டு வந்து, "மழை வரும் போலை கிடக்கு" என்று சிரித்தார். அப்படிப்பட்டவர் அடுத்த கிழமை, எங்கேயோ தொலைவில் போன ஒரு ஹெலிகொப்டருக்கு நிலத்தில் புரண்டு கதறினார். என்ன மனுசி இது, வீரமும் பயமும் தவணை முறையில் வருமா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

பிறகு அந்த நாள் வந்தது. பளிச்சென்ற மத்தியானம், வானத்தில் ஒரு காகமும் இல்லை. "பொம்பர்! பொம்பர்!" என்று கத்திக்கொண்டு மெசினக்கா பங்கருக்குள் ஓடினார். ஒழுங்கையே ஓடியது. பாதி முகம் சவரம் செய்தபடி ஒரு வாத்தியார் வந்து விழுந்தார். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது. அரைமணி நேரம் உள்ளேயே இருந்தோம். மெசினக்கா அழுதுகொண்டே இருந்தார். பொம்பர் வரவேயில்லை. வெளியே வந்த சனம் வாய்க்கு வந்தபடி ஏசியது. "காதிலை கோளாறு எண்டால் டொக்டரைப் பாக்கிறது. சனத்தின்ரை சீவனை ஏன் எடுக்கிறாய்?" என்றார் வாத்தியார்.

எல்லோரும் போனபின் நான் மட்டும் பங்கருக்குள் திரும்பிப் போனேன். ஏசத்தான் போனேன்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. பொம்பர் சத்தம் கேட்டதோ?"

"இல்லைப் பிள்ளை."

"பின்னை ஏன் கத்தினனீங்கள்?"

கட்டிக்கொண்டிருந்த கால்களை மெல்ல நீட்டினார். பிறகு மண்சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொன்னார். "இஞ்சை அழுதால் ஒருத்தரும் ஏனெண்டு கேக்கமாட்டினம். வீட்டிலை அழுதால் கேப்பினம். இண்டைக்கு மெசின் மிதிக்கவும் காலிலை பெலன் இல்லை. பொம்பர் வரும் வரும் எண்டு பாத்தன். வரேல்லை. தாங்கேலாமல் போச்சு."

குண்டு போட வருகிற பிளேனை எதிர்பார்த்துக் காத்திருந்த ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னார். பதின்மூன்று வயதில் சாமத்தியப்பட்ட நாளிலிருந்து இப்படித்தானாம். "தோய்ச்ச சீலையை ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் நிண்டு முறுக்கிப் பிழிவினமெல்லோ, அப்பிடி உள்ளுக்கை ஆரோ பிழியினம். இடுப்புக்குப் பின்னாலை நாரி விட்டுப்போகும். ஒரு கால் முழுக்க இழுக்கும். கக்கூசுக்கு இருந்தால் கத்தியாலை வெட்டின மாதிரி. கட்டின துணி ஒரு மணித்தியாலம் தாங்காது. அந்த மனிசனும் பாவம், நான் துடிக்கிறதைப் பாத்துக் கிட்ட வரவே பயப்பிடுது." சந்நிதிக்கு அடியழிக்கப் போன அன்று காலையிலும் இதே பாடுதானாம். துடக்கோடு வீதியில் விழுந்ததை ஒருவருக்கும் சொல்லவில்லையாம். "முருகனுக்குத் தெரியும். அவர் கோவிக்கேல்லை" என்றார்.

"அந்தக் கிழவிக்கு மகன் இருக்கிறான் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"வேறை என்னத்தைச் சொல்லுறது? அவவும் நோவிலைதானே கேட்டவ."

நான் அவரைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? "எல்லாருக்கும் உள்ளதுதானே அக்கா. கொஞ்சம் தாங்கப் பழகவேணும்."

அவர் கோபிக்கவில்லை. சிரித்தார். "பதின்மூண்டு வயசிலையிருந்து பழகிறன் ரீச்சர்."

என்றாலும் கேட்டதெல்லாம் மனதைக் குடைந்தது. டொக்டரிடம் போவோம் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நீரும் வாருமன். நீர் படிச்ச ஆள், வடிவாய் எடுத்துக் கதைப்பீர். எனக்கு உதுகளை ஒரு ஆம்பிளைக்கு முன்னாலை சொல்ல வாய் வராது" என்றார். அடுத்த கிழமை பட்டணத்தில் ஒரு டொக்டரிடம் போனோம். வெளியே நீண்ட வரிசை, உள்ளே மருந்தும் இல்லை, நேரமும் இல்லை. என்ன வருத்தம் என்று டொக்டர் கேட்டார். மெசினக்கா "வயித்துக்குத்து" என்று மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பங்கருக்குள் சொன்னதையெல்லாம் நான் சொல்லவேண்டிய நேரம். துணி, கக்கூசு, புருசன் இவற்றையெல்லாம் அந்த வயதான மனிதருக்கு முன்னால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. கலியாணமாகாத பிள்ளை, ரீச்சர், என்ன நினைப்பார்?

"மாதச் சுகவீனம்தான் டொக்டர். கொஞ்சம் கூட நோகுதாம். ஆளும் கொஞ்சம் பயந்த ஆள்" என்றேன்.

இரண்டு தரம் கொஞ்சம் என்றேன். டொக்டர் தலையாட்டினார். "பிள்ளை ஒண்டு பிறந்தால் எல்லாம் சரியாய்ப் போகும்" என்று சொல்லி நாலு குளிசை எழுதினார். நான் சொன்னதற்கு அது சரியான மருந்துதான். அவரில் நான் குற்றம் சொல்லமாட்டேன்.

திரும்பி வரும்போது சைக்கிள் கரியரில் இருந்தபடி மெசினக்கா ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "பிள்ளை பிறந்தால் சரியாகுமாம். சரியானால்தானே பிள்ளை பிறக்கும், என்ன ரீச்சர்?"

நான் சைக்கிளை வேகமாக மிதித்தேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைப்பற்றிப் பேசவில்லை. மெசினிடம் திரும்பிப் போனார்.

பொருளாதாரத் தடைக்காலம் முற்றியது. சவர்க்காரம் கண்ணில் காண முடியாது, பனம்பழத்தில் துணி தோய்த்தோம். மெசினக்கா வீடு வீடாய்ப் போய், "மண்மூட்டைக்குப் பழைய நூல்சீலை இருந்தால் தாங்கோ" என்று கேட்பார். கொடுத்த சீலைக்கும் தைத்த மூட்டைக்கும் அளவு சரிவரவில்லை என்று அம்மா முறுமுறுத்தார். வாழைக்குப் பின்னால், வேறு ஒரு பெரிய துணிக்குக் கீழே மறைத்து, துண்டு துண்டாகக் காயப்போட்டிருந்ததை நான் கண்டேன். பனம்பழச் சாற்றில் மஞ்சளாகிப்போன துண்டுகள். என் சீலையின் கரையும் அதில் இருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. இந்தக் கதையில் நான் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்து கொட்டியது. எங்கள் வீட்டில் மட்டும் ஏழு குடும்பம். குசினியில், விறாந்தையில், மாட்டுக்கொட்டிலில் எல்லாம் சனம். மெசினக்கா வீட்டிலும் அப்படியே. மெசினுக்கு மேலே யாரோ ஒருவரின் துணிமூட்டைகளும் சட்டிபானைகளும் ஏறியிருந்தன. அந்த வீட்டில் இருந்த நோயாளிக் கிழவர் ஒருவர் சத்தம் வேண்டாம் என்றதால் மெசின் ஓடவும் இல்லை. பங்கருக்குள் மழை வெள்ளம் நின்றது. அழுவதற்கு அவருக்கு இருந்த இடங்கள் எல்லாம் ஒரே கிழமையில் பறிபோயின.

ஒரு மத்தியானம் மழை சட்டென்று விட்டது. முற்றம் முழுக்கச் சனம் ஈரத்துணி உலர்த்திக்கொண்டிருந்தது. அந்த நிசப்தத்தில் மெசினக்கா கத்தினார். "ஐயோ அம்மா, நோகுது! எனக்கு நோகுது!" பொம்பர் இல்லை, மேளம் இல்லை, மழை இல்லை. பட்டப்பகலில், இவ்வளவு சனத்துக்கு முன்னால், நோகுது என்ற சொல்லைச் சொல்லியே கத்தினார். எனக்குத் தெரிந்து அந்த ஒன்பது வருடத்தில் அவர் மறைப்பில்லாமல் கத்தியது அந்த ஒரு தரம்தான்.

நான் ஓடிப்போனேன். ஓடிப்போய், என் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்தினேன். "உஸ்! அக்கா, சனம் பாக்குது."

கைக்கு மேலால் என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் இன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருக்கும். கோபம் இல்லை. பிழை செய்து பிடிபட்ட பிள்ளையின் முகம். உடனே நிறுத்திவிட்டார். "சரி பிள்ளை" என்றார், என் கைக்குள்.

வாசலில் நின்ற ஒரு அம்மா, "பாவம், ஆரும் செத்த சேதி வந்திட்டுதாக்கும்" என்று சொல்லி அவர் தலையைத் தடவினார். முதலில் சாமி என்றார்கள், பிறகு பயம் என்றார்கள், கடைசியில் சாவு என்றார்கள். நோகுது என்று அவரே வாய்விட்டுச் சொன்ன அன்றைக்கும் ஒருவரும் நோ என்று எடுக்கவில்லை. எடுக்கவேண்டியவள் அவர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

இரண்டு கிழமை கழித்து அவர்கள் கிளாலிக்குப் போய் வள்ளம் ஏறி வன்னிக்குப் போவதாக முடிவெடுத்தார்கள். வள்ளத்தில் மெசினை ஏற்றமுடியாது. பொட்டு இருந்த இடத்தால் அண்ணையும் அவருமாகத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் விறாந்தையில் வைத்தார்கள்.

"வைச்சிரும் ரீச்சர். வந்தால் எடுப்பன். நல்ல மெசின்." பிறகு அம்மாவுக்குக் கேட்காமல் என் காதோடு சொன்னார், "எப்பவாவது தேவைப்பட்டால் நூல் கோக்காமலும் ஓட்டலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் வரவில்லை. இருக்கிறாரா என்றும் தெரியாது. கேட்டு எழுதிய கடிதங்களுக்கு மறுமொழி இல்லை. நானும் பிறகு கலியாணமாகி லண்டன் வந்துவிட்டேன். மெசினை அம்மா கடைசிவரை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. "அவள் வந்து கேப்பாள்" என்று சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

லண்டனில் எனக்கு ஆஸ்பத்திரிகளில் மொழிபெயர்க்கிற வேலை. தமிழ் நோயாளி சொல்வதை ஆங்கிலத்தில் டொக்டருக்கு, டொக்டர் சொல்வதைத் தமிழில் நோயாளிக்குச் சொல்லவேண்டும். சொந்தச் சொல் ஒன்றும் சேர்க்கக்கூடாது, ஒன்றும் குறைக்கக்கூடாது. என்னைப்போல ஒருத்தியை அந்த வேலையில் வைத்ததை நினைத்தால் சிரிப்பு வரும்.

ஒருநாள் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை. அண்மையில்தான் ஊரிலிருந்து வந்தவள். டொக்டர் ஒரு பெண். என்டோமெற்றியோசிஸ் என்ற ஒரு நோயாக இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். அந்தப் பெயரை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். கருப்பைக்கு உள்ளே இருக்கவேண்டிய படலம் போன்ற ஒன்று வெளியே, குடலிலும் மற்ற இடங்களிலும் ஒட்டி வளருமாம். மாதாமாதம் அதுவும் கசிந்து, போக வழியில்லாமல் உள்ளே புண்ணாகிப் பிடிக்குமாம். பிள்ளை தங்குவதும் சிலருக்குக் கடினமாகுமாம். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அதனால் நோயாளி வாய்திறந்து சொல்வதுதான் முக்கியம் என்றார்.

பிறகு கேள்விகள் கேட்கத் தொடங்கினார். நோ நாரிக்குப் பரவுமா? கால் இழுக்குமா? மலம் கழிக்கும்போது வெட்டுவது போல் இருக்குமா? கணவனோடு சேரும்போது நோகுமா? எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருதரம் துணி மாற்றவேண்டும்? எத்தனை வயதிலிருந்து? ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். அந்தப் பிள்ளை வாய் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றுக்கும் எனக்கு மறுமொழி தெரிந்திருந்தது. மண்சுவரில் தலை சாய்த்துக்கொண்டு ஒருவர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லியிருந்தார். படித்த ஆள், வடிவாய் எடுத்துக் கதைப்பாள் என்று நம்பிச் சொல்லியிருந்தார்.

 அந்தப் பிள்ளை நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். கடைசியில், "கொஞ்சம் நோகும்தான் அன்ரி. எல்லாருக்கும் உள்ளதுதானே" என்றாள்.

டொக்டர் என்னைப் பார்த்துக் காத்திருந்தார். சொன்னதைச் சொன்னபடி சொல்லிவிட்டுப் போவதுதான் என் வேலை. கொஞ்சம் என்று நான் சொன்னால் அவர் கொஞ்சம் என்றுதான் எழுதுவார். எழுதியதற்குச் சரியான மருந்தைக் கொடுத்து அனுப்புவார்.

"இல்லைப் பிள்ளை" என்றேன், தமிழில். "எல்லாருக்கும் இப்பிடி இல்லை. எனக்கு இல்லை. கொஞ்சமோ, கனக்கவோ? உள்ளபடி சொல்லு, நான் ஒண்டும் குறைக்கமாட்டன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் உதடு கோணியது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு கதறல் வந்தது. முப்பது வருடத்துக்கு முன் கேட்ட அதே சத்தம். கதவு திறந்திருந்தது. வெளியே கதிரைகளில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வலது கை தானாக எழும்பியது.

அந்தக் கையால் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.